மூன்றாம் நாள் எடுக்காத டிரக்: பாடி கண்ட்ரோல் மாட்யூலை மாற்றிய அனுபவம்

என் டிரக் 2006-ஆம் ஆண்டில் தயாரானது. என்ஜினிலும் கியர்பெட்டியிலும் இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சில மாதங்களுக்கு முன்பு தொடர்ந்து மழை பெய்த ஒரு வாரத்திற்குப் பிறகு, ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவைபோலத் தோன்றிய சில கோளாறுகள் ஒரே சமயத்தில் தலைகாட்டின. கதவைச் சாத்திய பின்னும் உள்விளக்கு அணையாமல் எரிந்தது. சாவியை எடுத்த பிறகும், சாவி உள்ளே இருக்கிறது என்று எச்சரிக்கும் மணி ஒலித்தது. ஒருமுறை வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது வைப்பர் தானாக ஓர் ஓட்டம் ஓடி நின்றது. இவற்றைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். வண்டியை இரண்டு நாள் நிறுத்திவைத்தால் மூன்றாம் நாள் செல்ஃப் எடுக்க மறுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்தக் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இடம் ஒன்று உண்டு. அதுதான் பாடி கண்ட்ரோல் மாட்யூல். என்ஜினை ஆளும் கணினி வேறு, இது வேறு. விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு, ஜன்னல் மோட்டார், எச்சரிக்கை மணி, திருட்டுத் தடுப்பு என வண்டியின் உடலைச் சார்ந்த வேலைகளை எல்லாம் கவனிக்கும் பெட்டி இது. பழைய வண்டிகளில் சுவிட்சிலிருந்து விளக்குக்குக் கம்பி நேராகப் போகும். இந்தத் தலைமுறை வண்டிகளில் சுவிட்ச், "என்னை அழுத்தினார்கள்" என்ற செய்தியை மட்டும் மாட்யூலுக்குச் சொல்கிறது. விளக்கை எரிப்பதா வேண்டாமா, எப்போது அணைப்பது என்பதை மாட்யூல் முடிவு செய்கிறது. சாவியை எடுத்துக் கதவைச் சாத்திச் சிறிது நேரம் ஆனதும் மற்ற மாட்யூல்களைத் தூங்கச் சொல்லிவிட்டுத் தானும் தூங்குவது அதன் பொறுப்புகளில் ஒன்று. என் டிரக்கில் தூங்காமல் இருந்தது எது என்பதே கேள்வி.

முதலில் காட்டிய பணிமனையில், வண்டியின் கணினிகளோடு பேசும் ஸ்கேனரை மாட்டினார்கள். 'பி' எழுத்தில் தொடங்கும் உடற்பகுதிப் பிழைக்குறிகளும், 'யு' எழுத்தில் தொடங்கும் தகவல் தொடர்புப் பிழைக்குறிகளும் வரிசையாக வந்தன. அவற்றைப் பார்த்த உடனேயே மாட்யூல் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றார்கள். அவர்கள் சொன்னது கடைசியில் சரியாகவே இருந்தது. ஆனாலும் அன்றைக்கே நான் சம்மதிக்காதது நல்லதாயிற்று என்று இப்போதும் உறுதியாக நம்புகிறேன். மாட்யூல் கெட்டுப்போனது என்பது பாதிச் செய்தி. அது ஏன் கெட்டது என்பது மீதிப் பாதி. அந்த மீதியைத் தேடாமல் புதியதை மாட்டியிருந்தால், அதே இடத்தில் அதே காரணத்தால் அதுவும் கெட்டிருக்கும்.

பேட்டரியிலிருந்து தொடங்கினேன். மின்னழுத்தம் குறைந்தாலே இந்த மாட்யூல்கள் தாறுமாறாக நடந்துகொண்டு தவறான பிழைக்குறிகளைப் பதிவுசெய்யும் என்பதால், பேட்டரி சரியாக இருக்கிறது என்று தெரியாமல் வேறு எதைச் சோதித்தாலும் அந்த முடிவை நம்ப முடியாது. முழுக்க சார்ஜ் ஏற்றி ஓர் இரவு ஓய்வில் விட்ட பிறகு 12.6 வோல்ட் காட்டியது. என்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட். பேட்டரியும் அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் குற்றமற்றவை.

அடுத்தது எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் இணைப்பு. எர்த்தைச் சோதிக்கப் பலரும் மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்க்கிறார்கள். அது போதாது, ஒரே ஓர் இழை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பியும் ஓம் அளவில் நல்ல கம்பியாகவே தெரியும். ஹெட்லைட், வைப்பர், காற்றாடி எல்லாவற்றையும் போட்டுச் சுமை ஏற்றிய நிலையில், மாட்யூலின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையில் எவ்வளவு வோல்ட் இழக்கப்படுகிறது என்று அளப்பதே நம்பகமான வழி. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. என் வண்டியில் 0.38 வோல்ட் இருந்தது. ஓட்டுநரின் காலடிப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, எர்த் கம்பிகளின் வளைய முனைகள் சேரும் போல்ட்டின் அடியில் துரு பூத்திருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி இறுக்கியதும் 0.03 வோல்ட்டாக இறங்கிற்று. எச்சரிக்கை மணியும், தானாக ஓடிய வைப்பரும் அன்றோடு நின்றுபோயின. மூன்றாம் நாள் செல்ஃப் எடுக்காதது மட்டும் நிற்கவில்லை.

ஆகவே, வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து கசியும் மின்சாரத்தை அளக்க வேண்டியிருந்தது. இது பொறுமை கேட்கும் வேலை. கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டு நாக்கை மட்டும் திருப்புளியால் அழுத்தி, கதவு சாத்தியிருக்கிறது என்று வண்டியை நம்பவைத்தேன். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றும்போது ஒரு கணம் மின்சாரம் அறுந்தாலும் எல்லா மாட்யூல்களும் விழித்துக்கொள்ளும் என்பதால், முதலில் ஓர் இணைப்புக் கம்பியால் பாலம் போட்டு, மீட்டரைத் தொடரிணைப்பில் மாட்டிய பிறகே பாலத்தை எடுத்தேன். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பக் கூடாது. அதன் உள் ஃபியூஸ் போய்விடும். தொடக்கத்தில் சில ஆம்பியர்கள் காட்டிய மீட்டர் படிப்படியாக இறங்கி 0.45 ஆம்பியரில் நின்றது. இவ்வகை வண்டிகளில் எல்லாம் தூங்கி முடிய இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகலாம் என்பதால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்தேன், எண் அசையவில்லை. உள்விளக்கு பல்புகளை முன்பே கழற்றிவைத்துவிட்டதால் அவை இந்தக் கணக்கில் சேராது.

நல்ல நிலையிலுள்ள வண்டியில் இது 0.05 ஆம்பியருக்குள், அதாவது 50 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும். 0.45 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 10.8 ஆம்பியர்-மணி. என்னுடைய 70 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும்; சில வருடம் பழகிய பேட்டரிக்கு அந்த நிலையில் செல்ஃப் மோட்டாரைச் சுற்றத் தெம்பு இருக்காது. மூன்றாம் நாள் என்ற கணக்கு அங்கே நேராயிற்று.

எந்தச் சுற்று இந்த மின்சாரத்தைக் குடிக்கிறது என்று கண்டறிய ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது வழக்கம். ஆனால் பிடுங்கிய ஃபியூஸைத் திரும்பச் சொருகினால் தூங்கிய மாட்யூல் விழித்துக்கொண்டு அளவைக் குழப்பும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையில் மில்லிவோல்ட் அளந்தேன். மின்சாரம் ஓடாத ஃபியூஸில் சுழியம் காட்டும். ஓடும் ஃபியூஸில் மிகச் சிறிய இழப்பு இருக்கும். பாடி கண்ட்ரோல் மாட்யூலுக்குப் போகும் 15 ஆம்பியர் ஃபியூஸில் சுமார் 2 மில்லிவோல்ட் இருந்தது. மற்றவற்றில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. கடைசியில் அந்த ஒன்றை மட்டும் பிடுங்கினேன். மீட்டர் 0.03 ஆம்பியருக்கு விழுந்தது.

பலர் இந்த இடத்தில் மாட்யூலுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அது அவசரம். ஃபியூஸ் சுட்டுவது சுற்றை மட்டுமே. கதவு சுவிட்சோ இக்னிஷன் சுவிட்சோ பழுதாகி, மாட்யூலைத் தூங்கவிடாமல் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தாலும் இதே அளவுகள்தான் கிடைக்கும். மாட்யூலுக்கு வரும் செய்தி சரியா, அது எடுக்கும் முடிவு சரியா, முடிவின்படி வெளியே நடப்பது சரியா என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும். ஸ்கேனரில் நேரடித் தரவைத் திறந்து பார்த்தேன். கதவு: சாத்தியுள்ளது. சாவி: எடுக்கப்பட்டது. உள்விளக்குக் கட்டளை: அணை. ஆனால் உள்விளக்குக்குப் போகும் பின்னில் டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரிந்தது. அந்தப் பின் இருக்கும் கப்ளரை, அதாவது கம்பிகளை மாட்யூலோடு இணைக்கும் செருகியை, கழற்றியதும் கம்பியில் மின்சாரம் இல்லை; ஆக, கம்பி வேறெங்கும் உராய்ந்து மின்சாரம் பெறவில்லை.

இன்னொரு சான்றும் வேண்டுமென்று தோன்றியது. ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட்டில், மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் தகவல் கம்பி என் வண்டியில் இரண்டாம் பின்னில் வருகிறது. எஸ்.ஏ.இ. ஜே1850 என்ற பழைய தரத்தின் ஒற்றைக் கம்பி வகை இது, விநாடிக்கு 10.4 கிலோபிட் வேகத்தில், சுழியத்துக்கும் ஏறத்தாழ 7 வோல்ட்டுக்கும் இடையில் துடிக்கும். எல்லாம் தூங்கிவிட்டால் அது சுழியத்தில் நிற்க வேண்டும். என் வண்டியில் ஒரு மணி நேரம் கழிந்த பிறகும் மீட்டர் எண் அலைபாய்ந்துகொண்டிருந்தது. மாட்யூலின் ஃபியூஸைப் பிடுங்கியதும் அடங்கியது. பிந்தைய வண்டிகளில் இருக்கும் கேன் (CAN) என்ற தகவல் தொடர்பு முறை இரட்டைக் கம்பி. அவற்றில் பேட்டரியைக் கழற்றிவிட்டு 6, 14 ஆகிய பின்களுக்கு இடையில் 60 ஓம் வருகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. அந்த முறையைப் பழைய வண்டியில் பயன்படுத்திவிட்டுக் குழம்பியவர்கள் உண்டு என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

இறுதியாக, மின்சாரமும் எர்த்தும் வரும் கப்ளரை மட்டும் விட்டுவிட்டு, தகவல் கம்பி உட்பட மற்ற எல்லாவற்றையும் மாட்யூலிலிருந்து பிரித்தேன். வெளியிலிருந்து எழுப்ப யாரும் இல்லாத அந்த நிலையிலும் அது 0.3 ஆம்பியர் இழுத்துக்கொண்டு விழித்திருந்தது. மாட்யூலுக்குள் ரிலேக்கள், அதாவது மின்காந்தச் சுருளால் இயங்கும் சிறு சுவிட்சுகள் உண்டு; இவ்வகைச் சிறிய ரிலேயின் சுருள் ஒன்று சுமார் 0.15 ஆம்பியர் இழுக்கும். உள்ளே இரண்டு ரிலேக்கள் காரணமில்லாமல் இழுபட்டு நிற்கின்றன என்று ஊகித்தேன். அப்போதுதான் புதிய மாட்யூலைத் தேடத் தொடங்கினேன்.

கப்ளர்களைக் கழற்றியபோது கண்ணில் பட்ட வேறொன்றுதான் இந்தக் கதையின் மையம். மேலிருந்து இறங்கும் கம்பிக் கட்டின்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு நீர்த்தாரை காய்ந்திருந்தது. ஒரு கப்ளரின் இரண்டு பின்களில் பச்சைப் படிவம் இருந்தது. கம்பியைப் பற்றிக்கொண்டு வரும் நீர், கம்பி மேலிருந்து கீழாக நேரே கப்ளருக்குள் நுழைந்தால், கூடவே உள்ளே போய்விடும். தம்பியை வெளியே நிறுத்தி, குழாய்நீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக நகர்த்தச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு டேஷ்போர்டின் அடியில் படுத்துக்கொண்டேன். மேலிருந்து தொடங்கினால் நீர் எங்கும் வழிந்து, எது நுழைவாயில் என்று தெரியாமல் போகும். முன்கண்ணாடியின் கீழ் மூலைக்குக் குழாய் வந்தபோது, இரும்புத் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு கம்பிக் கட்டின்மேல் விழுந்தது. கண்ணாடியை ஒட்டியிருந்த பசை அந்த மூலையில் இறுகி, வெடித்து, இடைவெளி விட்டிருந்தது. எர்த் போல்ட்டைத் துருப்பிடிக்க வைத்ததும், மாட்யூலைக் கெடுத்ததும் அந்தச் சொட்டுதான். கண்ணாடியைக் கழற்றிப் புதிய பசையிட்டு ஒட்டிய பிறகே அடுத்த வேலைக்குப் போனேன்.

மாட்யூலைத் தேர்ந்தெடுப்பதில் தோற்றத்தை நம்பக் கூடாது. ஒரே அச்சில் வார்த்த பெட்டி, ஒரே வண்ணக் கப்ளர்கள் என்று இருந்தாலும், ஜன்னல் மோட்டார் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும், பனிவிளக்கு உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ளே வேறுபாடு இருக்கலாம். ஒட்டியுள்ள சீட்டின் பாக எண் முழுக்கப் பொருந்த வேண்டும், அல்லது தயாரிப்பாளரின் பட்டியலில் அந்த எண்ணுக்கு மாற்றாக வந்த எண்ணாக இருக்க வேண்டும். கழற்றி விற்கப்படும் பழைய மாட்யூல் எளிதில் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அதற்குள் இன்னொரு வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணும் திருட்டுத் தடுப்புக் குறியீடும் எழுதப்பட்டிருக்கும். சில வண்டிகளில் ஓடிய தூரக் கணக்கும் அதிலேயே இருக்கும். அந்தத் தூரம் வண்டியின் உண்மையான தூரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அது சட்டச் சிக்கலாகவும் மாறலாம். சிலர் பழையதின் நினைவகச் சில்லை எடுத்துப் புதியதில் சால்டர் செய்கிறார்கள். கை பழகியவர்களுக்கு அது நல்ல வழி. எனக்கு அந்தப் பழக்கம் போதாது. எதுவும் எழுதப்படாத புதிய மாட்யூலையே வாங்கினேன்.

பழையது இன்னும் பேசும் நிலையில் இருந்ததால், கழற்றுவதற்கு முன்பு அதிலிருந்த அமைப்பு விவரங்கள் அனைத்தையும் ஸ்கேனரில் ஒவ்வொரு திரையாகத் திறந்து படம் எடுத்துக்கொண்டேன். பகல்நேர விளக்கு உண்டா, கதவு தானாகப் பூட்ட வேண்டுமா, என்ன வகை டயர், எந்த ரேடியோ என்பதுவரை அதில் இருந்தது. இந்த ஒரு வேலையை யாரும் தவிர்க்க வேண்டாம். மாட்யூல் முற்றிலும் செத்த பிறகு இவற்றை நினைவிலிருந்து மீட்பது மிகக் கடினம்.

கழற்றுவது ஒப்பீட்டில் எளிது. நெகட்டிவ் முனையை எடுத்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். பக்கத்திலேயே மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் கம்பிகள் போகின்றன, அவற்றில் கைவைக்கக் கூடாது. ஓட்டுநரின் முழங்காலுக்கு நேரே இருக்கும் முட்டிப் பலகையின் போல்ட்டுகள், இரண்டு கிளிப்புகள், நெம்புகோல் வைத்த கப்ளர்கள், அவ்வளவே. பச்சை பிடித்த இரண்டு பின்களை மட்டும் சுத்தம் செய்யாமல் புதிய முனைகள் போட்டேன். ஒரு பின் தளர்ந்து பின்வாங்கியிருந்தது. அதைச் சரியாகப் பூட்டிக்கொள்ளும்வரை தள்ளினேன். கம்பிக் கட்டைக் கப்ளரைவிடச் சற்றுக் கீழே இறக்கி மறுபடி மேலேற்றிக் கட்டினேன். இனி எப்போதாவது நீர் வந்தாலும் வளைவின் அடியிலேயே சொட்டி விழும். புதிய மாட்யூலைத் தொடுமுன் வண்டியின் வெற்று இரும்பைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கினேன். பின்களில் விரல் படவில்லை.

விவரங்களை எழுதும்போது மின்னழுத்தம் ஆடக் கூடாது என்பதால் 13.5 வோல்ட்டில் நிலையாக நிற்கும் மின்வழங்கியைப் பேட்டரியோடு இணைத்திருந்தேன். சாதாரண சார்ஜரின் மின்சாரம் அலையுள்ளது. அது இந்த வேலைக்குத் தகாது. அடையாள எண்ணையும், படம் எடுத்து வைத்திருந்த விவரங்களையும் எழுதி முடித்துச் சாவியைத் திருப்பினேன். என்ஜின் பிடித்து, இரண்டு விநாடியில் நின்றது. எதிர்பார்த்ததுதான் என்றாலும் நெஞ்சு ஒரு முறை திடுக்கிட்டது. திருட்டுத் தடுப்பு அமைப்புக்குப் புதிய மாட்யூல் அந்நியம்; அறிமுகம் செய்துவைக்க வேண்டும். என் வண்டியில் அதற்கான முறை இது: செல்ஃப் அடித்துப் பார்த்துவிட்டுச் சாவியை ஆன் நிலையிலேயே விட வேண்டும், பாதுகாப்பு விளக்கு சுமார் பத்து நிமிடத்தில் தானாக அணையும், அணைந்ததும் சாவியை ஆஃப் செய்து, சில விநாடி விட்டு, மறுபடியும் அதேபோல் செய்ய வேண்டும். இப்படி மூன்று சுற்று. நடுவில் கைவைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த முப்பது நிமிடமும் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்து அந்தச் சிறு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் முறை சாவியைத் திருப்பியபோது என்ஜின் பிடித்தது, நின்றுவிடவில்லை. மற்ற வண்டிகளில் இந்த முறை வேறாக இருக்கும். சிலவற்றில் முன்பே பதிவான இரண்டு சாவிகள் வேண்டும். தத்தம் வண்டியின் பணிமனைக் கையேட்டைப் பார்க்காமல் இதைத் தொட வேண்டாம். ரிமோட்டுகளைப் பதிவது சில நிமிட வேலை. முடித்துப் பிழைக்குறிகளை அழித்தேன்.

பழைய மாட்யூலை அன்றிரவே திறந்து பார்த்தேன். பலகையின் ஒரு மூலை முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ரிலேக்களை இயக்கும் சிறு சில்லின் கால்களுக்கு இடையிலும் அந்தப் படிவம் பாலம் கட்டியிருந்தது. இரண்டு ரிலே என்ற ஊகம் தப்பவில்லை.

பல்புகளை மாட்டி, கதவு நாக்கை அழுத்தி, மறுபடியும் மீட்டரை இணைத்துக் காத்திருந்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் ஏதோ ஒரு ரிலே மெதுவாகச் சொடுக்கியது, மீட்டர் 0.02 ஆம்பியரில் நின்றது. இரண்டாம் பின்னில் சுழியம். மாட்யூலின் அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். அதன் பிறகு மூன்று பெருமழை பெய்துவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் காலை முட்டிப் பலகைக்கு அடியில் கையை விட்டு அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். இதுவரை உலர்ந்தே இருக்கிறது.